பெயர் எழுதிய கோப்பைகள்

அப்பா டேரல் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பைகளை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, கொரீன் அவற்றை எண்ணினாள். எட்டுக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில் ஒரு பெயர். மெக்கென்னா, ட்ரூ, ஷெல்பி... போனில் அவள் சொன்ன பெயர்கள். ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை.

"கோப்பை மாறிடக் கூடாது பாரு," என்றார். "வீட்லயே எழுதிக் கொண்டாந்துட்டேன்."

அந்தப் பெயர்களை அவள் விடுதி அறைக் கதவுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளிலிருந்து எடுத்திருந்தாள். சேர்ந்த முதல் வாரம், யாராவது பழக்கமானார்களா என்று அப்பா கேட்டபோது, தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இரண்டு பெயரைப் படித்துச் சொன்னாள். வாரம் போகப் போக அவள் படித்துச் சொன்ன கதவுகளும் கூடின. அவள் சேர்ந்தது கும்மாளம் போடுகிறவர்களின் பல்கலைக்கழகம் என்று மாநிலமே சொல்லும். பால் பண்ணையில் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள், பெண் அங்கே படிக்கப் போயிருக்கிறாளா குடிக்கப் போயிருக்கிறாளா என்று அவரைச் சீண்டினார்கள். தேவாலயத்தில் இரண்டு பெண்கள் அவளுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள். அப்பா மட்டும், "கொஞ்சம் ஆட்டம் போட்டாலும் பரவால்ல கண்ணு, தனியா மட்டும் கெடக்காத," என்றார். அதற்குப் பிறகு அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஆட்டமும் பாட்டமும் ஏரிக்கரையோரம் இரண்டு தெருவில் நடந்தன. நானூறு பேர் இருந்த அவள் விடுதியில் வெள்ளிக்கிழமை மாலையில் கேட்பதெல்லாம் மூடிய கதவுகளுக்குப் பின்னால் கைப்பேசிகள் தமக்குத்தாமே பேசும் சத்தம்தான். மூன்று வாரமாக அவள் வகுப்புக்கே போகவில்லை.

இன்று குடும்பங்கள் வரும் சனிக்கிழமை. மைதானத்தின் கார் நிறுத்துமிடம் முழுக்க, போட்டி தொடங்கும்முன் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் கூடாரமும் அடுப்புப் புகையுமாக இருந்தது. நான்கு மணி நேரம் ஓட்டி வந்த அப்பா இருபத்துநான்கு சாசேஜ்களை வாட்டி, வெள்ளித் தாள் போட்டு மூடி வைத்திருந்தார். மகளுக்குப் பதினெட்டு வயதுதான் என்பதால் பீர் கிடையாது. இரண்டு பெரிய குடுவை நிறைய ஆப்பிள் சாறு.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன தலைவரே, ஊருக்கே ஆக்கிட்டீங்க. பந்தி எப்போ?"

"புள்ளைங்க வரணுமே," என்றார் அப்பா.

ஒரு மணி நேரம் ஆயிற்று. யாராவது வந்துவிட வேண்டும் என்றும், யாருமே வந்துவிடக் கூடாது என்றும் கொரீன் ஒரே மூச்சில் கடவுளிடம் கேட்டாள். படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்பதைக் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா பொறுமையிழந்து, போகிற வருகிற மாணவர்களிடமெல்லாம் விளையாட்டுப்போலக் கேட்க ஆரம்பித்தார். இங்கே ட்ரூ யாரு, மெக்கென்னா யாரு என்று. கொரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டத்துக்கு எதிர்த்திசையில், பாலும் தானியப்பெட்டியும் வைத்த பையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். "மெக்கென்னா நான்தான்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "வாம்மா, வா. எவ்ளோ நேரமாப் பாத்துட்டு இருக்கோம்."

அந்தப் பெண் கோப்பையைப் பார்த்தாள். பிறகு கொரீனைப் பார்த்தாள். விடுதியில் பல் துலக்கும் இடத்தில் எப்போதோ பார்த்த முகம், அவ்வளவுதான். கொரீனின் கண்களில் எதைக் கண்டாளோ, பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "சாரி, லேட்டாயிடுச்சு," என்றாள்.

அப்பா கைகூப்பிச் சிறிய ஜெபம் சொன்னார். அப்பாவும் மெக்கென்னாவும் சாப்பிட்டார்கள். கொரீன் தன் தட்டைத் தொடவில்லை. வாரக்கடைசியில் எல்லாம் ஒரே கூத்துதானா என்று அப்பா கேட்டார். "மத்தவங்களுக்கு இருக்கும்போல அங்கிள்," என்றாள் மெக்கென்னா. "நான் ரூம்லதான் இருப்பேன்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொரீனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூப்பிடப் பெயரில்லாமல் நிறுத்தினாள்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். குனிந்து புதிதாக ஒரு கோப்பையை எடுத்து, நிதானமாக ஒரு பெயரை எழுதி, சாறு ஊற்றி மகள் முன்னால் வைத்தார். பிறகு எழுத்து அந்தப் பெண்ணுக்குத் தெரியும்படி அதைத் திருப்பி வைத்தார்.

"கொரீன்," என்றாள் மெக்கென்னா, மெதுவாக, "நீயும் சாப்பிடேன்."

ஒன்பது வாரத்தில் அந்த ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதைக் கேட்டதும் அவள் ஒரு சாசேஜை எடுத்துக் கடித்தாள்.

மெக்கென்னா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனபின் மைதானத்தில் போட்டி தொடங்கி ஆரவாரம் எழுந்தது. கூடாரங்கள் காலியாயின. அப்பா மீந்த சாசேஜ்களைப் பக்கத்துக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளுக்கு வேறு வேலை வந்துவிட்டது, மற்றபடி தங்கமான பிள்ளைகள் என்று அவர் சொல்வது கேட்டது.

திரும்பி வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்னிருக்கையில் கிடந்த கயிறு, கையுறை, பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் அள்ளிப் பின்னால் போட்டார். இருக்கையைக் கையால் தட்டித் துடைத்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நாற்காலிகளை மடக்கப் போனார்.

மேசையில் ஏழு கோப்பைகள் நின்றன. தன் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, கொரீன் திறந்திருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.