பந்திக்கு வந்த கிளைமாக்ஸ்

சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் கதை இலாகாவில் அதிகாரியாக உட்கார்ந்து, வந்த கதைகளுக்கெல்லாம் "பார்க்கலாம்" என்று சொல்லியே பன்னிரண்டு வருடம் சம்பளம் வாங்கியவர் முத்துக்குமார். போன வருடம் அந்த வேலையை உதறிவிட்டு, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துச் சொந்தப் படம் எடுக்கக் கிளம்பினார். கடைசிக் காட்சி இன்று மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும். அப்புறம் ஹீரோ ஹைதராபாத் பறந்துவிடுவார். மறுபடி அவர் கிடைப்பதற்குள் வீடு கையைவிட்டுப் போய்விடும்.

காட்சி இதுதான்: கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன அண்ணன், தங்கை கழுத்தில் தாலி ஏறிய பிறகு வந்து சேர்கிறான். நிறைந்த சபையில் மன்னிப்புக் கேட்கிறான்.

நிறைந்த சபைக்கு எங்கே போவது? முத்துக்குமார் காஞ்சிபுரத்துச் சேலைத் தரகர் வீட்டுப் பிள்ளை. துணை நடிகர்களுக்கு வாடகைப் பட்டு உடுத்திவிட்டால் அப்பா கனவில் வந்து திட்டுவார். ஏனாத்தூர் சாலையில் மண்டபம் பிடித்து, "சினிமாக் கல்யாணம், நிஜ விருந்து" என்று ஊருக்குள் சொல்லி அனுப்பினார். பீரோவில் தூங்கிய பட்டெல்லாம் எழுந்து வந்தது. ஒரு புடவை இன்னொரு புடவையிடம் விலை விசாரித்தது.

"எப்படிம்மா நம்ம ஊரு?" என்று டைரக்டர் துர்காதேவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அட்சதை பறந்தது. அது தரையைத் தொடுவதற்குள் நாற்காலிகள் காலி.

"சார், ஜனங்க எங்க சார்?" என்று அலறினாள் துர்காதேவி.

ஜனங்கள் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இலை முன்னால் இருந்தார்கள். தாலி கட்டியதும் பந்தி என்பதை உள்ளூர்க்காரரே மறந்துபோனார். எல்லாம் ஸ்டூடியோ ஏசி அறை செய்த வேலை.

முத்துக்குமார் படிகளில் உருண்டு இறங்கினார். "ஷூட்டிங் இன்னும் முடியலம்மா! எல்லாரும் மேல வாங்க!"

முதல் வரிசையிலிருந்த கங்கையம்மாள் அப்பளத்தை நொறுக்கினாள். "தாலி கட்டியாச்சுல்ல? அப்பாலிக்கு இன்னாபா முடியல?"

முத்துக்குமார் சமையல்காரர் கலியாணசுந்தரத்திடம் ஓடினார். "கொஞ்ச நேரம் பரிமாறாதீங்க!"

"சாம்பார் ஊத்திக்கினு இருக்குது சார். இலை முன்னாடி குந்தினவங்களை எழுப்பற பாவம் எனக்கு வேணாம்."

மாடியில் ஹீரோவின் மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோவாக இருந்தால் இந்நேரம் ஒரு மீட்டிங் போட்டிருப்பார் முத்துக்குமார். இங்கே அதற்கு நேரமில்லை. சட்டென்று சிரிப்பு வந்தது அவருக்கு.

"துர்கா, கல்யாணத்துக்கு லேட்டா வர்றவன் நேரா எங்க போவான்?"

"பந்திக்கு..." என்றவள், "கேமரா கீழ!" என்று கத்தினாள்.

ஹீரோ வாசலில் நின்றார். "எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க" என்றார், நெஞ்சில் கை வைத்து. கூடமே மெல்லுவதை நிறுத்தியது.

கங்கையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வசனத்தில் இல்லாத வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது.

"மொதல்ல குந்துபா. பக்கத்து எலை காலியா இருக்குது."

ஹீரோ உட்கார்ந்தார். உடம்பைக் காட்டுவதற்காக மூன்று மாதமாக வெள்ளரிக்காயில் உயிர் வாழ்ந்தவர். முதல் கவளம் சாம்பார் சோறு உள்ளே போனதும் நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. கங்கையம்மாள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "கட்" சொல்லவே மறந்துபோன துர்காதேவி மூக்கை உறிஞ்சியபடி திரும்பினாள்.

"சார், ஓகேவா?"

"பார்க்க..." பழக்கதோஷத்தில் நாக்கு எழும்பியது. முத்துக்குமார் மீதி வார்த்தையைக் கடித்து விழுங்கினார். "ஓகே! ஓகே! ஓகே!" என்று குதித்தார்.

"எலைல கால் வெக்காதபா" என்று அதட்டினாள் கங்கையம்மாள். "நீயும் குந்து."