ஆறு நிமிட நடையும் என் சம்பந்தியும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அறுத்துத் தைத்த நெஞ்சின்மேல் கையை வைத்துச் சொல்கிறேன். ஊரில் எத்தனையோ பேர் நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று யார் திறந்து பார்த்தார்கள்? என்னுடையதைப் பெரிய டாக்டரே திறந்து, விளக்கு அடித்து, சாவகாசமாகப் பார்த்திருக்கிறார். உள்ளே பொய் இருந்ததாக அவர் எங்கும் எழுதவில்லை.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் எனக்கு ஊதிப்போயிருந்தது. சைக்கிள் ட்யூபில் ஓரிடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதுபோல. வெடித்தால் "ஐயோ" என்பதில் பாதிதான் சொல்ல நேரமிருக்கும் என்றார்கள். ஐந்து சென்டிமீட்டர். இதை மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கொஞ்சம் பெருமையாகத்தான், சொல்லிவைத்தேன். எதிரே சம்பந்தி உட்கார்ந்திருந்தார். என் மருமகளைப் பெற்றவர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அளக்காத பொருள் கிடையாது. அளந்தபிறகு அது என்னுடையதைவிடப் பெரிதாக இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் கண்ணாடி மாற்றினால் அவர் கண்ணையே மாற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

அன்றைக்கு "ம்" என்று மட்டும் சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். அடுத்த மாதம் கையில் ஸ்கேனோடு வந்தார்.

“எனக்கும் இருக்கு சம்பந்தி. அஞ்சரை.”

அதற்குள் எப்படி வளர்த்தார் என்பது மருத்துவ உலகத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊதிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டுத் துணியால் ஆன குழாய் ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். அதோடு வாசலில் இருக்கிற வால்வையும் தூக்கிவிட்டுப் புதிது போடுவது நல்லதா, சொந்த வால்வையே உள்ளே வைத்துத் தைப்பது நல்லதா என்று டாக்டர்களுக்குள் வெகுநாள் தகராறு. அதைத் தீர்க்க ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இருவரும் சேர்ந்தோம். இதில் யாருக்கு எது என்று டாக்டர் தீர்மானிக்க மாட்டார், நாமும் கேட்க முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்குப் புதிய வால்வு விழுந்தது. அவருக்குச் சொந்த வால்வு.

“எது வச்சுக்கத் தகுந்தது, எது தூக்கிப் போடத் தகுந்ததுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும்,” என்றார்.

“பழசைத் தைச்சுப் போட்டுக்கறவங்களும் உண்டு, புதுசு எடுத்துக்கறவங்களும் உண்டு. எல்லாம் அவங்கவங்க குடுப்பினை,” என்றேன்.

இருவரும் பிழைத்தோம். தழும்பும் இருவருக்கும் ஒரே நீளம். அவர் அளந்து பார்த்துச் சொன்னது.

ஸ்கேன் ஆண்டுக்கு ஒருமுறைதான். நடுவில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு நர்ஸிடம் போக வேண்டும். அந்த அம்மாள் கேள்விகள் கேட்பார், நடக்கவிட்டு அளப்பார். எங்களில் யாருக்கு எந்த அறுவை என்பது மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயுமாம். ஆகவே அவரிடம் மூச்சுவிடக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. முட்டையிட்ட கோழியைக் கொக்கரிக்காதே என்றால் அது என்ன செய்யும்? நடையில் காட்டும்.

பச்சைத் தரை போட்ட நீண்ட தாழ்வாரம். இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. ஒரு கூம்பின் பக்கத்தில் மயங்கி விழுவோருக்காக நாற்காலி. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதுதான் சோதனை. நான் நடந்த முதல் தடவையிலேயே சுவரில் ஒட்டியிருந்த “அமைதி காக்கவும்” அறிவிப்பு காற்றில் பிய்ந்து பறந்தது. நான் போய்ப் போய் வந்த வேகத்தில், ரத்தப் பரிசோதனை ஜன்னலில் இருந்த பெண், ஒரே ஜாடையில் இத்தனை பேர் வரிசையாகப் போகிறார்களே என்று எழுந்து நின்று பார்த்தாள்.

“ஐயா, ஓடக் கூடாது!” என்று கத்தினார் நர்ஸ்.

“ஓடலையேம்மா. கால் கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு, நான் பின்னாடி போயிட்டிருக்கேன்.”

அடுத்து சம்பந்தி நடந்தார். அவர் திரும்பிய வேகத்தில் கூம்பு சுழன்றது. அவர் நடந்து முடித்து, சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பியபோதும் சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் இருவரின் கணக்கும் வரைபடத் தாளுக்குள் அடங்காமல், மேலே இன்னொரு தாளை ஒட்டினார்கள். ஆய்வை நடத்துகிறவர்கள் சந்தேகப்பட்டு ஆள் அனுப்பித் தாழ்வாரத்தை அளந்தார்கள். தாழ்வாரம் முன்பிருந்ததைவிட ஒரு சாண் நீண்டிருந்தது. நாங்கள் திரும்பித் திரும்பித் தேய்த்ததில் இரண்டு முனையும் கொஞ்சம் வெளியே தள்ளிப்போயிருக்கிறது.

இப்படியே தடவைக்குத் தடவை அவரை நானும் என்னை அவருமாக முந்திக்கொண்டிருந்தோம். கடைசியாக நடந்த தடவை அவர்தான் ஜெயித்தார். ஜெயித்தவர் என் மகனின் காரில் ஏறிக் கண்ணை மூடினார். வீடு வரும்வரை திறக்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கர்வத்தைப் பார், என்னைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த தடவை நெருங்கிய சமயம் மருமகள் வந்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுத்துவந்து என் முன்னால் உட்கார்ந்து மடித்தாள். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, அப்பா படுக்கறதே இல்ல. படுத்தா மூச்சு முட்டுது. நாற்காலியிலயே உட்கார்ந்து தூங்கறார்.”

“டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா உங்ககிட்ட தோத்ததா ஆயிடுமாம். நான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவங்க கூப்பிட்டுக் கேட்டா, ‘என் பொண்ணு பயந்தாங்கொள்ளி, வந்து நடந்து காட்டட்டுமா’ன்னு சிரிக்கறார். இந்த வாரம் உங்களோட வரும்போது மறுபடி நடப்பார் மாமா. நடந்தே செத்துடுவார்.”

அவள் போனபிறகு யோசித்தேன். புத்தி சொல்லிப் பயனில்லை. நான் சொல்லி அவர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. தோற்றுப்போங்கள் என்றால் அந்த மனிதர் செத்தாலும் மாட்டார். ஜெயிக்கச் சொன்னால்?

திட்டத்தை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

“பொய் சொல்ல உங்களுக்கு இப்ப ஒரு நல்ல காரியம் வேற கிடைச்சுடுச்சா?” என்றாள். ஆனால் தடுக்கவில்லை.

அந்த வாரம் போனோம். நர்ஸின் அறைக் கதவு முழுதாகச் சாத்தாது. வெளியே சுவரோரம் இருக்கும் நாற்காலியில் சம்பந்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். எப்போதும் நான்தான் முதலில் உள்ளே போவேன்.

“எப்படி இருக்கீங்க ஐயா?”

“முடியலம்மா,” என்றேன், தெருமுனைவரை கேட்கிற குரலில். “மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது.”

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

“எப்பலேருந்து?”

“ரொம்ப நாளா. உங்ககிட்ட மறைச்சுட்டேன். என் அளவுக்கு மூச்சு வாங்கற ஆள் இந்த ஆய்விலேயே இருக்க முடியாது.”

கதவு பட்டென்று திறந்தது.

“அதெல்லாம் ஒரு மூச்சா?” என்றார் சம்பந்தி. “ஏறினாத்தான் இவருக்கு வாங்குது. எனக்குப் படியைப் பார்த்தாலே வாங்குது!”

“ஐயா, உங்க முறை இன்னும் வரல. வெளியே உட்காருங்க,” என்றார் நர்ஸ்.

“அவர் கிடக்கார், நீங்க எழுதுங்கம்மா,” என்றேன். “ராத்திரி ரெண்டு தலையணை வச்சாத்தான் தூக்கமே வருது.”

“தலையணையாம், தலையணை! நான் படுத்தே பல வாரமாச்சு. நாற்காலிதான் எனக்கு மெத்தை. கேளுங்க என் பொண்ணை!”

“எனக்குச் சாயங்காலமானா கால் லேசா வீங்குது.”

சம்பந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு குனிய முடியாமல் குனிந்து, கால்சட்டையைச் சுருட்டி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. நாங்கள் மூவரும் அந்தக் குழியைப் பார்த்தோம். அது எழும்பவே இல்லை.

“இதுக்கு என்ன சொல்றீங்க சம்பந்தி?” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

“ஒண்ணும் சொல்றதுக்கில்லை. நீங்கதான்,” என்றேன்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார். எங்கள் இருவருக்கும் சக்கர நாற்காலி வந்தது. எனக்கு வந்ததைவிட அவருக்கு வந்தது பெரிது என்று அவரும் பார்த்துக்கொண்டார். அன்றைக்கே ஸ்கேன். தைத்து வைத்த வால்வு கசிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு தாழ்வார நடை நடந்திருந்தால் அவ்வளவுதான் என்று பெரிய டாக்டர் மருமகளிடம் சொன்னார். மறுநாள் மறுபடி நெஞ்சைத் திறந்து புதிய வால்வு போட்டார்கள்.

இதற்கிடையில் என்னை யாரும் வீட்டுக்கு விடவில்லை. மூச்சு வாங்குகிறது, தலையணை இரண்டு, கால் வீக்கம் என்று நானே வாயால் சொல்லியிருக்கிறேனே. கையில் ஊசி, நெஞ்சில் ஒயர், தொண்டை வழியாகப் பாம்பு மாதிரி ஒரு கேமரா. சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். எனக்கு ஆய்வுச் செலவில் வைத்தார்கள். கேமரா வெளியே வந்ததும் நர்ஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

“அம்மா, எனக்கு ஒரு கேடும் இல்ல. நான் சொன்னது அத்தனையும் பொய்.”

அவர் என்னை நம்பவில்லை. “இங்க வர்ற எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க ஐயா. அதையும் நான் நம்பறதில்ல,” என்று இன்னும் ஒருநாள் வைத்திருந்தார்.

ஆய்வின் முடிவும் பின்னால் வந்தது. எங்கள் இருவரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு வைத்தியம் மேல், விட்டுவிட்டுப் போட்டால் மற்றது மேல். டாக்டர்களின் தகராறு முன்பைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.

தீவிர சிகிச்சை அறையில் சம்பந்தியின் வாயிலிருந்து குழாயை எடுத்ததும் மருமகள் குனிந்து, “அப்பா, எப்படிப்பா இருக்கு?” என்றாள். அவர் என் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

“இவருக்கு என்ன கண்டுபிடிச்சாங்க?”

“மாமாவுக்கு ஒண்ணுமில்லப்பா.”

“நினைச்சேன்,” என்றார். “ஒண்ணுமில்லாததுக்குத்தான் அந்தச் சத்தமா?” சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டு என் விரலைப் பிடித்தார். விடவில்லை. பிடியில் என்னைவிட அவருக்குத்தான் பலம் என்று காட்டுகிறாராக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அவருக்கு இரண்டு அறுவை, எனக்கு ஒன்று. போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

இதைக் கேட்டவர்களில் சிலர் சம்பந்தியை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதில் ஒரு சின்னச் சிக்கல். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.