பார்க்காத மாதிரி

தைப்பொங்கல் கழிந்த கையோடு தயாபரனின் மகள் கஜாலினி கண்ணைச் சிமிட்டத் தொடங்கினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. தூசி விழுந்திருக்கும் என்றுதான் அவன் முதலில் நினைத்தான். நெடுந்தீவில் காற்றுக்கும் புழுதிக்கும் பஞ்சமில்லை. நாட்கள் போயும் நிற்காதபோது, கைபேசி பார்த்த வினைதான் என்று அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். சிமிட்டல் கூடியது. எழுதும்போது, சாப்பிடும்போது, யாராவது பேர் சொல்லிக் கூப்பிடும்போது, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி மூடித் திறந்தாள்.

அவன் வேலை செய்த கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நந்தியாவட்டைப் பூ ஊறிய தண்ணீரால் கழுவிப் பார்த்தான். கண்பட்டிருக்கும் என்று நாவூறு கழித்தான். ஒன்றும் சரிவராமல் கடைசியில் வாயால் வைத்தியம் பார்க்கத் தொடங்கினான். "சிமிட்டாதை பிள்ளை" என்று காணும்போதெல்லாம் சொன்னான். சொன்னவுடன் நிறுத்துவாள். பிறகு அடக்கியதையெல்லாம் சேர்த்துச் சிமிட்டுவாள்.

ஒருநாள் விடியப்புறப் படகில் அவளை யாழ்ப்பாணம் கூட்டிப் போனான். கண் வைத்தியர் இமையைப் பிரட்டிப் பார்த்தார், எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கண்ணாடி தேவையில்லை, ஒவ்வாமை இல்லை, வறட்சியும் இல்லை, பூத்தண்ணீர் ஒன்றும் இனிக் கண்ணில் விடவேண்டாம் என்று சொல்லிப் பிள்ளைகள் வைத்தியரிடம் அனுப்பினார். அந்த வைத்தியர் அம்மா மகளை வெளியே இருக்கவிட்டு அவனோடு தனியாகப் பேசினார்.

"அவ வேணுமெண்டு செய்யேல்லை. தும்மல் மாதிரித்தான், கொஞ்சநேரம் அடக்கலாம், பிறகு ஏலாது. நீங்கள் சொல்லச் சொல்லக் கூடும். கண்டும் காணாத மாதிரி இருங்கோ."

எப்போது நிற்கும் என்று கேட்டான். அனேகமான பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானாகவே போய்விடும், சிலருக்குத் திரும்பவும் வரும், நாள் குறித்துச் சொல்ல முடியாது என்றார். வேறு விதமாக உடம்பு வெட்டி இழுத்தாலோ தொண்டையில் சத்தம் வந்தாலோ கூட்டி வரச் சொன்னார். மருந்து எழுதவில்லை. ஒரு குளிசையாவது தந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

மனைவி கிருசாந்தியிடம் சொன்னான், வகுப்பு ரீச்சரிடம் சொன்னான். ஊர் முழுக்க யார் சொல்வது? பக்கத்து வீட்டு றோசம்மா அன்றைக்கே படலையில் மகளை மறித்து, கண்ணுக்கு என்ன பிள்ளை என்று அன்பாகத்தான் கேட்டாள். கஜாலினி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பக்கத்திலேயே நின்றான்.

வீட்டில் அவன் வாயை அடக்கினான். கண்ணை அடக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சிமிட்டல்தான் தெரிந்தது. அதனால் சோற்றுக் கோப்பையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். கதை கேட்க அவள் வந்தால், கையில் ஏதோ வேலையை எடுத்துக்கொண்டான்.

அந்தக் கிழமை முடிவில், குசினியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அவள் கேட்டாள்.

"என்னோடை கோவமே அப்பா?"

"இல்லையே. ஏன் பிள்ளை?"

"அப்ப ஏன் என்னைப் பாக்கிறியள் இல்லை?"

அவன் நிமிர்ந்தான். அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவன் பார்க்கட்டும் என்று சிமிட்டாமல் பிடித்து வைத்திருந்தாள். வெள்ளை விழி சிவந்து நீர் முட்டியது. சிமிட்டு பிள்ளை, பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதுவும் அதைப் பற்றிய பேச்சுத்தானே. சொல்லாமல் விழுங்கினான்.

அவளால் முடியாமல் போனது. கண்கள் மூடி மூடித் திறந்தன, கன்னத்தில் நீர் வழிந்தது. தயாபரன் சோற்றுக் கையோடு, முகத்தைத் திருப்பாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.