ஒலியடக்கிய பெட்டி

நடந்ததெல்லாம் நடந்தபடியே நினைவிருக்கிறது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அலமாரிக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது என்று அவன் என்னிடம் சொன்னானா, அல்லது அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. ஆனால் அந்த அறையின் அமைதியைப் பற்றி அவன் சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

அவன் ஒலிப்பதிவுக்காரன். வீட்டின் பின்னறையில், சுவர் முழுக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டி, விளம்பரங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் குரல் பதிவு செய்து பிழைத்தான். அந்தத் தொழிலில் சத்தம்தான் சோறு, சத்தம்தான் எமன். பதிவு நடக்கும்போது மின்விசிறி நிற்கும், குளிர்பதனப் பெட்டி நிற்கும். "இந்த வீட்டுல தும்மறதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணும்" என்பாள் அவன் மனைவி.

பதிவுகளைச் சேர்த்துவைக்க ஒரு பெட்டி வாங்கியிருந்தான். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டுவது; உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். ஏதாவது கோளாறென்றால் பெட்டி விடாமல் பீப் அடிக்கும். ஒருமுறை கேபிள் தளர்ந்துபோய், ஒரு வங்கி விளம்பரத்தின் நடுவே அது பீப் அடித்துத் தொலைத்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அன்றே பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போய் பீப்பை அணைத்தான். ஜன்னல் கண்ணாடியில் அதன் விளக்கு மினுங்குவது பேச வருகிறவர்களின் கவனத்தைக் கலைக்கிறதென்று கறுப்பு டேப் ஒட்டினான். இரைச்சலும் கேட்கக் கூடாதென்று பெட்டியைச் சுற்றி ஃபோம் அடைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். அதன்பிறகு அது வாயைத் திறக்கவில்லை.

அவன் அக்கா பள்ளி விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கும். ஊதியதாக யாரும் பார்த்ததில்லை. மைதானத்தின் இந்த முனையிலிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால் அந்த முனையில் ஓடுகிறவன் ஷூ லேஸைக் கட்டிக்கொள்வான். அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

எடுப்பதற்கு முன் குரலைப் போதுமான அளவு பதிவு செய்து கொடுத்தால், அதைவைத்துக் கைபேசியிலேயே பேசும் குரல் ஒன்றைச் செய்து தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. தட்டச்சு செய்தால் போதும், அவள் குரலிலேயே பேசும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் அக்கா தினமும் பின்னறைக்கு வந்தாள். கொடுத்த வாக்கியங்களைப் படித்தாள், திட்டினாள், சிரித்தாள், எண்களை வரிசையாகச் சொன்னாள்.

ஒருநாள் பதிவின் நடுவே அவன் பையில் இருந்த கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. "போனை எடுடா மாடே! ஒரு மனுஷி எவ்வளவு நேரம்டா கத்திட்டே இருப்பா?" என்று மைக்கிலேயே கத்தினாள். அந்தத் துண்டை வெட்டி, அவள் எண்ணுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடிப்பாள்.

"எல்லாம் பத்திரமா இருக்காடா?"

"ரெண்டு டிஸ்க்ல இருக்கு அக்கா. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்."

"என்னை மாதிரி ரெண்டா? உலகம் தாங்காதுடா."

அதுதான் அந்த அறையில் அவள் கடைசியாகச் சொன்னது. அடுத்த வாரம் மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று அதிலிருந்த அவள் பதிவுகளை அழித்தான். பெட்டியில்தான் இருக்கிறதே.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இப்போது வேண்டாம் என்று எழுதிக் காட்டுவாள். வெயில் காலம் முழுவதும் அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலை அவளிடமிருந்து செய்தி: "பள்ளிக்கூடத்துல திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. வாய் இல்லாம கிரவுண்டுக்குப் போக முடியாது. என் குரலை அனுப்பி வைடா."

அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மடிக்கணினியில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தான். மேலே சிவப்பில் ஒரு வரி. முதல் டிஸ்க் செத்துவிட்டது. எப்போதிலிருந்து என்றும் போட்டிருந்தது. அவள் வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும், ஃபோமுக்கு நடுவே, ஒற்றை டிஸ்க்கில்தான் அவள் குரல் இருந்திருக்கிறது. அலமாரியைத் திறந்து டேப்பைக் கிழித்தான். ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருக்காக எரிந்தது இத்தனை நாள் என்று தோன்றியது.

ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் இருந்த பெரிய டிஸ்க்கை வாங்கிவந்து சொருகினான். பொருந்தும் டிஸ்க்குகளின் பட்டியலில் இது இல்லை, தொடரவா என்று பெட்டி கேட்டது. தொடர் என்றான். பழையதைப் படித்துப் புதியதில் எழுதத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போனது. நின்றது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.

மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது 'ஸ்க்ரூ' அண்ணனை அழைத்து நடந்ததைச் சொன்னான். கணினி பழுதுபார்ப்பவர், ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர்.

"என்ன டிஸ்க் மாட்டின?" அவன் பெயரைப் படித்துச் சொன்னான். "தம்பி, அது சும்மா போட்டு வைக்கிற வகை. விடாம எழுதச் சொன்னா மூச்சு வாங்கும். உன் பெட்டி கொஞ்ச நேரம் பார்க்கும், பதில் வரலைன்னா வெளியே தள்ளிட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

"பரவாயில்லையே அண்ணே, எப்பவாவது முடிச்சிடும்ல?"

"ஒவ்வொரு தடவையும் பழைய டிஸ்க்கைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் படிக்க வைக்கிற. அதுவும் செத்ததும் ஒண்ணா வாங்கினதுதானே?"

"ஒரே நாள்ல. ஒரே டப்பாவுல."

"ஒரே சூட்டுல வெந்தது." அவர் குரல் தணிந்தது. "சொருகறதுக்கு முன்னாடி அக்காவோட ஃபைலை மட்டும் வெளியே எடுத்திருக்கணும்டா. இப்பவாவது அதை நிறுத்திட்டு எடு. நான் வர்றேன்."

நிறுத்தினான். அக்காவின் கோப்புகளை மடிக்கணினிக்கு இழுத்தான். பச்சைக் கோடு கால்வாசி நகர்ந்து நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். காது கூர்மையானவன்.

டக்.

நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டக், டக். வாசல்படியில் நின்ற மனைவி, "என்னங்க அது?" என்றாள். அவன் கையைக் காட்டி அடக்கினான். அந்த அறையில் அவன் அதுவரை விரட்டிய சத்தமெல்லாம் ஒன்றுசேர்ந்து அந்தச் சின்ன டக்கில் வந்து உட்கார்ந்ததாகத் தோன்றியது.

அப்போதுதான் மேசைமேல் இருந்த கைபேசி அலறியது.

"போனை எடுடா மாடே! ஒரு மனுஷி எவ்வளவு நேரம்டா கத்திட்டே இருப்பா?"

அவனால் அதைத் தொட முடியவில்லை. அது திரும்பவும் கத்தியது. மனைவிதான் வாசலுக்குப் போனாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் வராததால், அக்கா வெளியே நின்றுகொண்டே அழைத்திருக்கிறாள். "வாங்க அண்ணி" என்றாள் மனைவி. அக்கா அசையவில்லை. கழுத்தில் கட்டியிருந்த துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே தன் குரல் திட்டுவதைக் கேட்டபடி நின்றிருந்தாள். மறு கையில் கைபேசி. அழைப்பைத் துண்டிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அது தானாக ஓய்ந்தது. பின்னறையில் டக் சத்தமும் நின்றுபோயிருந்தது. திரையில் கோப்புறைகளைக் காணவில்லை. புதிதாக அமைக்க விரும்புகிறீர்களா என்று பெட்டி பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த ஃபோமை விரலால் அழுத்தி, அது பள்ளமாகி மெல்ல மேலெழுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

ஸ்க்ரூ அண்ணன் அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய், செத்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கிற ஒரு பெரிய இடத்தில் கொடுத்துப் பார்த்தார். உள்ளே தட்டு வட்டவட்டமாகச் சுரண்டப்பட்டிருந்ததாம். மடிக்கணினிக்கு வந்து சேர்ந்த கால்வாசியில் இருந்தவை எண்களும் இருமலும். குரல் செய்ய அது போதாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அக்கா பள்ளிக்குத் திரும்பினாள், மைதானத்துக்கு அல்ல, நூலகத்துக்கு. அவள் கைபேசி யாரோ ஒரு பெண்ணின் குரலில் பேசுகிறது. ஸ்க்ரூ அண்ணன் கடையை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். அவன் மனைவி அந்தப் பின்னறைக்குள் போவதில்லை. அவன் இப்போதும் அங்கேதான் பதிவு செய்கிறான். அலமாரிக்குக் கதவு கிடையாது, புதிய பெட்டி அவ்வப்போது பீப் அடிக்கிறது. அக்காவிடமிருந்து அழைப்பு வந்தால் அவன் உடனே எடுப்பதில்லை. அவளும் துண்டிப்பதில்லை.