பால் டம்ளரில் ஒரு பொத்தான்

என் ஓரகத்தியும் நானும் சேர்ந்து ஒரு தையல் கடை நடத்துகிறோம். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அளவெடுத்து வெட்டுவது அவர், தைப்பது நான். அடுத்த தெரு வங்கியின் வாட்ச்மேன், சீருடை பேண்ட்டுக்கு ஜிப் மாற்றக் கொடுத்திருந்தார். புது ஜிப் பாதியில் இறுகி நின்றுவிட்டது. எட்டி இடுக்கியை எடுக்கச் சோம்பல்பட்டுப் பல்லால் கடித்து இழுத்தேன். ஜிப் நகர்ந்தது. மேல் முன்பல்லில் பாதி அதோடு போயிற்று.

நாக்கு அங்கே போய்ப் போய் வந்தது. இனி வாயைப் பொத்திக்கொண்டேதான் பேச வேண்டும், சிரிக்க வேண்டும் என்று நினைத்ததும் அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அக்கா பல் டாக்டருக்குப் போன் போட்டார். உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டு உடனே வரச் சொன்னார்களாம். இருவரும் தரையில் தவழ்ந்தோம். வெள்ளையாக ஒரு சில்லு அகப்பட்டது. டம்ளர் பாலும் கையுமாகக் கிளம்பும்போது வாட்ச்மேன் வாசலில் நின்றார். அவர் கையில் பேண்ட்டைத் திணித்துவிட்டு ஆட்டோ ஏறினோம்.

டாக்டரம்மா சில்லை எடுத்து என் பல்லோடு வைத்துப் பார்த்தார். பிறகு விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஓட்டை இருக்கேம்மா. சட்டைப் பொத்தான்."

தையல் கடைத் தரையில் உடைந்த பொத்தானுக்கா பஞ்சம்? நான் அழுதுவிட்டேன். வேறு பொருளால் கட்டித் தரலாம், ஆனால் சொந்தத் துண்டு மாதிரி அச்சாக அமையாது என்றார் டாக்டரம்மா.

அக்கா என்னைத் திட்டவில்லை. விழுந்த இடத்தைத்தான் யோசித்தார். அப்போது என் மடியில் இருந்தது அந்தப் பேண்ட். சட்டென்று எழுந்து போனவர் போனவர்தான்.

வங்கியில் நடந்ததை வாட்ச்மேனே பிறகு சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அக்கா நேரே அவரிடம் போய், "அண்ணே, அந்தப் பேண்ட்டைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க" என்றாராம்.

"ஏம்மா, அளவு சரியாத்தானே இருக்கு?"

"அளவுக்கு என்ன குறைச்சல்? உள்ள என் தங்கச்சி பல்லு இருக்கு."

மனிதர் ஸ்டோர் ரூமுக்குள் போய் மாற்றிக்கொண்டு, கதவிடுக்கு வழியாகப் பேண்ட்டை நீட்டியிருக்கிறார். அக்கா ஜிப் மடிப்பை உதறி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்திருக்கிறார். வலது பாக்கெட்டின் மூலையில், நூல் பிசிறுகளுக்கு நடுவே கிடந்தது என் பல்.

அக்கா அதைக் கொண்டுவந்து சேர்த்தபோது காய்ந்துபோய் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. டாக்டரம்மா பதறவில்லை. முதலில் தண்ணீரில் ஊறப்போட்டார். நிறம் மெல்லத் திரும்பியது. பிறகு பல்லில் ஏதோ மருந்து தடவி, கழுவி, பசை வைத்து, துண்டைப் பொருத்தி, நீல விளக்கைப் பிடித்தார். உடைந்த இடம் உடையாத இடத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

கண்ணாடியில் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அக்கா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். காலர் தையலைச் சரிபார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒட்டுப் போட்டதே தெரியலடி."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் என்னை 'வாம்மா, போம்மா' என்றுதான் அழைப்பார். தங்கச்சி என்று சொன்னதை வாட்ச்மேன் சொல்லித்தான் அறிந்தேன். இந்த 'டி'யை என் காதாலேயே கேட்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.