சுவருக்குள் அடங்காத பத்தடி

பஸ் ஓட்டுகிறவருக்கு அன்று விடுப்பு. புது வீட்டில் சாமான்களை அடுக்கிவைத்து, மாலை பள்ளியிலிருந்து வரும் மனைவியை அசத்திவிட வேண்டும் என்று காலையிலேயே கச்சை கட்டிக்கொண்டார். அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். துணைக்கு அவள் தங்கை வந்திருந்தாள்.

படுக்கையறைச் சுவர் ஒன்பதடி. துணி அலமாரி ஐந்தடி, இழுப்பறைப் பெட்டி மூன்றடி, புத்தக அலமாரி இரண்டடி. மூன்றையும் வரிசையாக வைத்தார். கடைசியில் நின்ற புத்தக அலமாரி வாசலுக்குள் ஓரடி நீட்டிக்கொண்டு நின்றது.

"பெரிசை முதல்ல வெச்சதுதான் தப்பு. சின்னதுலேர்ந்து ஆரம்பிக்கணும்," என்றார்.

"மாமா, அளந்து பார்த்துட்டு நகர்த்தலாமே," என்றாள் கொழுந்தி.

"பஸ்ஸையே சந்துல திருப்புறவன்மா நான். கண்ணளவு போதும்."

சின்னதிலிருந்து வைத்தார். இப்போது துணி அலமாரி வாசலை மறித்தது. சரி, சின்னது ரெண்டையும் முதலில் நெருக்கி ஒட்டிவிட்டு, அப்புறம் பெரிசைச் சேர்ப்போம் என்று தம் கட்டித் தள்ளினார். அசையவில்லை, அதே ஓரடி. சட்டை தொப்பலாக நனைந்தது. கொழுந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாலையில் மனைவி வந்தபோது அறைக்குள் நுழைய வழியில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "வந்துட்டியா? இன்னும் ஒரே ஒரு தடவை மாத்திப் பார்த்துடறேன்!"

தங்கை அளந்து குறித்து வைத்திருந்த சீட்டை மனைவி வாங்கிப் பார்த்தாள். "எப்படி மாத்தினாலும், எதை எதோட முதல்ல சேர்த்தாலும் பத்துதாங்க. சுவரு ஒன்பதுதானே?"

அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. "அப்ப என்னதான் பண்றது?"

"புத்தக அலமாரியைத் தூக்கி இழுப்பறை மேல ஏத்துங்க. நீளத்துல அது பூஜ்யம். எட்டோட பூஜ்யத்தைக் கூட்டினா எட்டேதான்."

மூவரும் சேர்ந்து தூக்கினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரடி மிச்சம்கூட.

அவருக்கு வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம். "இதை ஒண்ணாம் வகுப்புலயே சொல்லித் தர்றியா?"

"நாளைக்கு அதே பாடம்தான். ஆனா வரிசையை மாத்தினா விடையும் மாறும்னு பாதிப் பேரு அடிச்சுச் சொல்லுதுங்க."

"என் முதல் டிரிப் மத்தியானம்தான். நான் வந்து சாட்சி சொல்றேன்."

சும்மா சொல்லவில்லை, மறுநாள் காலை வகுப்பில் நின்றார். மூன்று பெஞ்சுகளை வரிசை மாற்றி மாற்றித் தள்ளி, மூச்சிரைக்க இரைக்க முந்தைய நாள் பட்ட பாட்டை நடித்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் "அதேதான்!" என்று கத்தினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் கை தூக்கினாள். "அங்கிள், தள்ளுறதுக்கு முன்னாடியே கூட்டிப் பார்த்திருக்கலாமே?"

அவர் மனைவியைப் பார்த்தார். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.