ஆளில்லாத அறையில் விளக்கு

எங்கள் வீட்டில் நான் போட்ட சட்டங்கள் மொத்தம் ஏழு. அதில் முதல் சட்டம், ஆளில்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது. மற்ற ஆறையும் நானே அவ்வப்போது மீறியிருக்கிறேன். முதல் சட்டத்தை மட்டும் யாரும் மீற முடியாது. அதற்குக் காவலாக நான் போட்டிருந்த ஆள் அப்படி. வயது நாலரை. சுவிட்ச் எட்டாது என்பதால் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டே அறை அறையாகப் போவாள். முக்காலி தரையில் கிறீச்சிட்டாலே கீழ்வீட்டுக்காரர்கள், "இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் கிளம்பியாச்சு" என்பார்கள். பிறகு நாங்களும் மகளை இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

அணைக்கிற ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பட்டன் கூலி. நான் வேலை செய்வது ஆல்டரேஷன் கடையில். பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது. உதிரிப் பட்டன்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அவள் அதையெல்லாம் ஒரு காலி ஜாம் பாட்டிலில் சேர்த்து வைத்து, தினமும் காதருகே குலுக்கிப் பார்ப்பாள்.

கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்து அழகு பார்க்கும் ஆசை எனக்குக் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது என் வீட்டுக்காரர்.

அவர் லிப்ட் மெக்கானிக். மகள் விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவார். லிப்ட் வேலை முடிந்ததும் அப்படியே ஒரு பல மாடிக் கார் பார்க்கிங்குக்குப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பதினொரு மணி வரை சீட்டுக் கொடுப்பார். குழந்தை பிறந்தபோது, "ஆறே மாசம்" என்று சொல்லி எடுத்த வேலை அது. அந்த ஆறு மாதம் நாலரை வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கிங்கில் கூட்டம் அதிகம், எனவே அன்றும் போக வேண்டும். ஞாயிறு பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். யாராவது வந்தால் மகள் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று வாசலிலேயே மிரட்டுவாள்.

நர்சரியில் ஒருநாள் டீச்சர் எல்லாக் குழந்தைகளிடமும், "உங்க அப்பா என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, "தூங்குறாங்க" என்றாளாம். டீச்சர் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கடைக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கடைக்கார அக்கா பார்த்துவிட்டு, "அழுறதுன்னா அந்தப் பட்டுத் துணிய நகத்தி வச்சுட்டு அழு" என்றார்.

அந்த வாரமே அவரை உட்கார வைத்துப் பேசினேன்.

"அந்த ரெண்டாவது சம்பளம் எவ்வளவோ அவ்வளவையும் நான் வீட்டுச் செலவுல குறைச்சுக் காட்டுறேன். மூணு மாசம் தொடர்ந்து. காட்டிட்டா நீங்க பார்க்கிங் வேலைய விட்டுடணும். சரியா?"

அவர் சிரித்தார். "யாரு, நீயா? தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனா கூடை நிறையாம திரும்ப மாட்ட. நீ குறைப்பியாக்கும்?"

போதாதா? என்னைச் சீண்டிவிட்டால் பிறகு நான் நானாக இருக்க மாட்டேன்.

காய்கறி வாங்கச் சந்தை மூடப்போகும் நேரத்துக்குப் போனேன். அடிபட்ட தக்காளியை வெட்டினால் உள்ளே அடிபடாத தக்காளி இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பருப்பு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி வைத்துவிடுவேன். கடையிலிருந்து திரும்பி வருவதற்குள் மெழுகாக வெந்திருக்கும். மகளுக்கு இரண்டு அளவு பெரிய கவுனாக வாங்கி, உள்ளே மடித்துத் தைத்து, அவள் வளர வளரப் பிரித்துவிட்டேன். அவருக்கு முடி வெட்டியதும் நான்தான். முதல் தடவை துணிக் கத்தரியால் வெட்டிவிட்டேன். மறுநாள் லிப்ட் கம்பெனியில் எல்லோரும், "என்னப்பா, கதவுல தலைய குடுத்துட்டியா?" என்று கேட்டார்களாம். பாவம், ஒரு வாரம் தொப்பியோடு அலைந்தார்.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் மட்டும் என்னை ஏமாற்றியது. பாதி தீர்ந்ததும் தண்ணீர் கலந்து வைப்பேன். நுரையே வரவில்லை. கடைக்காரன் என் தலையில் மிளகாய் அரைக்கிறான் என்று பொரிந்து தள்ளினேன். பார்த்தால், இந்த மனுஷனும் காலையில் எனக்குத் தெரியாமல் அதில் தண்ணீர் கலந்துகொண்டிருந்தார்.

"நானும் என்னால முடிஞ்சது செய்யலாமேன்னுதான்..." என்று தலையைச் சொறிந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கும் வீட்டுக்கு வர ஆசைதான் என்று அன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

முதல் மாதம் ஜெயித்தேன். இரண்டாவது மாதமும் ஜெயித்தேன். மூன்றாவது மாதம் மகளின் ஷூ அவளுடைய விரலைக் கடிக்க ஆரம்பித்தது. புதிது வாங்கினால் கணக்கு கவிழ்ந்துவிடும். கீழ்வீட்டு அம்மாவின் ஜன்னல் திரை எட்டையும் நீளம் குறைத்துத் தைத்துக் கொடுத்து, அவர் பேத்திக்குப் பத்தாமல்போன ஷூவை வாங்கி வந்தேன். சிவப்பு ஷூ. பாலிஷ் போட்டதும் புதிது தோற்றது.

அந்த மாதம் பாதியில் ஒருநாள், ஒத்திகைபோல இருக்கட்டும் என்று அவர் பார்க்கிங்கில் ஒரு நாள் லீவு போட்டார். சாயங்காலம் வருவேன் என்று சொல்லியிருந்தார். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். முக்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அப்புறம் மகள் ஓடிவந்து கையை நீட்டினாள்.

"ஹால்ல யாரும் இல்ல. லைட்ட அணைச்சுட்டேன்."

"சமத்துக் குட்டி! என் தங்கம்!" என்று கொஞ்சி, ஒரு பட்டனை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "வந்துட்டீங்களா?" என்றேன். "ம், வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். அன்று அதிகம் பேசவில்லை. அலுப்பு என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதமும் ஜெயித்தேன். கடைசி நாள் கணக்கு எழுதிய காகிதத்தை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பார்த்தார். "கெட்டிக்காரிதான்" என்றார். ஆனால் மறுநாளும் பார்க்கிங்குக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கேட்டால், "இன்னும் ஒரு மாசம் பாக்கலாமே" என்றார். பத்து நாள் பொறுத்தேன். பத்து நாள் பொறுமை எனக்கெல்லாம் பெரிய விஷயம். பதினோராம் நாள் கடையில் ஒருவருடைய பேன்ட்டில் இரண்டு காலையும் சேர்த்து ஒன்றாகத் தைத்துவிட்டேன்.

கடைக்கார அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குடி, கடல்கன்னிக்கா? முதல்ல போய் உன் புருஷன என்னன்னு கேளு. உன் மவள நான் பாத்துக்கிறேன்" என்று விரட்டினார்.

ஏழு மணி இருக்கும். பார்க்கிங்கின் வாசல் கூண்டில் அவர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் குழல்விளக்கு பளிச்சென்று எரிந்தது. கார் ஒன்றும் வரவில்லை. சும்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு மாசம் வாயக் கட்டி வயித்தக் கட்டி இருந்தேனே, எதுக்கு?" என்று நேராகவே கேட்டேன். "கம்பளில பருப்ப வச்சு மூடினேனே, எதுக்கு? அடுத்தவங்க வீட்டுத் திரையெல்லாம் தச்சேனே, எதுக்கு? உங்களுக்கு வீட்டுக்கு வர இஷ்டமில்லன்னா அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"மெதுவாப் பேசு."

"பேச மாட்டேன்!"

ஒரு கார் வந்தது. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். தடுப்புக் கட்டை எழுந்து, இறங்கியது. அது இறங்கி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு லீவு போட்டு வந்தேன் இல்ல? அவ ஹால் லைட்ட அணைச்சப்போ நான் உள்ளதான் இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. "உள்ளேன்னா?"

"நாற்காலில உக்காந்திருந்தேன். நீ ஏதோ வேலையா இருந்த, நான் வந்தது உனக்குத் தெரியல. அவ முக்காலிய இழுத்துட்டு வந்தா. ஏறி நின்னு என்னைப் பாத்தா. நல்லாப் பாத்தா. பாத்துட்டு அணைச்சுட்டுப் போய்ட்டா. அங்க உன்கிட்ட, ஹால்ல யாரும் இல்லன்னு சொன்னா. நீ சமத்துன்னு சொன்ன."

நான் கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்ச நேரம் இருட்டுலயே உக்காந்திருந்தேன்" என்றார். "அவ மேல தப்பில்ல. அவளப் பொறுத்தவரைக்கும் ஹால்ல யாரும் இல்ல. இங்கன்னா யாராவது வந்து சீட்டுக் கேக்கறாங்க. அங்க வந்து நான் என்ன பண்றது, சொல்லு. எனக்குப் பயமா இருக்கு. நாலரை வயசுப் பிள்ளைகிட்ட எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. அவர்மேலும் இல்லை, பிள்ளைமேலும் இல்லை. அந்தப் பட்டனை எடுத்துக் கொடுத்த என் கைமேல்தான் என்று நினைக்கிறேன்.

"ஏங்க, 'நான் இருக்கேன்'னு ஒரு வார்த்தை வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாய் வரலயே."

"வரும். நாலரை வருஷம் வராத மனுஷன் ஒரே நாள்ல வந்து உக்காந்தா அவளுக்கு எப்படித் தெரியும்? தினம் வாங்க. வந்து தினம் சொல்லுங்க. நாளைக்கே வேலைய விடுறதா எழுதிக் குடுங்க. இல்லன்னா நானும் அவளும் முக்காலியோட இந்தக் கூண்டுக்கு வந்து இந்த லைட்ட அணைப்போம்."

அதற்குச் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து ஆறரை மணிக்கு வீட்டில் இருந்தார்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டாம் நாளே மகள் என் காதில், "இவங்க எப்போ வேலைக்குப் போவாங்க?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் அவரிடம் 'நீங்க' போட்டுத்தான் பேசினாள். முக்காலி கிறீச்சிட்டாலே அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் இருக்கேன்" என்பார். அவள் ஒருமுறை பார்த்துவிட்டு, முக்காலியைத் திருப்பி இழுத்துக்கொண்டு போவாள். ஒரு பட்டன் நஷ்டம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அவர், "இன்ஸ்பெக்டர், இந்த வீட்ல மொத்தம் எத்தனை சுவிட்ச் இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலயே, காட்டுறீங்களா?" என்று கேட்டார். வேலை என்றதும் அவள் முகம் மாறியது. ஒவ்வொரு சுவிட்ச்சாகக் கூட்டிப் போய்க் காட்டினாள். அன்றிலிருந்து முக்காலியைத் தூக்கி வருவது அவர் பொறுப்பாயிற்று. அதன் காலுக்கடியில் ரப்பர் ஒட்டிச் சத்தத்தையும் நிறுத்தினார். ஒருநாள் குளியலறை விளக்கை மறந்துவிட்டு வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை அவள் திட்டிய திட்டில் என் குரல் அப்படியே இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

இப்படியே மூன்று வாரம் ஓடியிருக்கும். ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் பருப்புப் பாத்திரத்தைக் கம்பளியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஹாலில் ஒரு லிப்ட் சுவிட்சைப் பிரித்துப் போட்டு, குனிந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முக்காலி சத்தம் போடுவதில்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவள் ஏறி நின்றிருந்தாள். விரல் ஹால் விளக்கின் சுவிட்சின்மேல் இருந்தது. அவர் வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. 'நான் இருக்கேன்' என்று சொல்லவும் இல்லை. கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் அவரைப் பார்த்தாள். விரலை எடுத்தாள். இறங்கி வந்து, அவர் குனிந்திருந்த முகத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அப்பா, நீ இங்கதானே இருப்ப?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இங்கதான்மா இருப்பேன்."

சரியென்று தலையை ஆட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஹால்ல லைட் எரியுது. அப்பா இருக்கான்" என்று அறிவித்துவிட்டு, வழக்கம்போல் கையை நீட்டினாள்.

அணைக்காத விளக்குக்குப் பட்டன் கிடையாது. அது நான் போட்ட சட்டம்தான். நான் கூலிப் பட்டன்களைப் போட்டு வைத்திருந்த டப்பாவையே எடுத்து அவள் கையில் கவிழ்த்தேன். கை கொள்ளாமல் பட்டன்கள் அடுப்படி முழுக்க உருண்டன.